மடித்துப் படித்த கட்டுரைகள்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வார இதழின் இணையப் பதிப்பில் கட்டுரைப் பகுதி இப்போது அவள் பொறுப்பு. கெட்டிக்காரப் பெண். ஆனால் அன்றைக்குக் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"மேடம், ஒரு சின்ன ஹெல்ப். உங்க காலத்துல கட்டுரைக்குன்னு ஏதாவது டெம்ப்ளேட் வெச்சிருந்தீங்களா? இருந்தா வாட்ஸ்அப்ல போடுங்களேன்."

"முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு ஸ்கூல்ல குடுத்தாங்களே, அது போதாதா?" என்றேன்.

"அதுதான் மேடம் பிரச்சினையே. வர்றது எல்லாமே அப்படித்தான் இருக்கு. பாதிப் பேர் மெஷினை எழுத வெச்சு அனுப்பறாங்க. தப்பே கண்டுபிடிக்க முடியல. ஆனா படிச்சு முடிச்சா ஒண்ணுமே படிக்காத மாதிரி இருக்கு."

மாதிரிக்கு இரண்டு கட்டுரைகள் அனுப்பினாள். சேலையூரில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அவற்றைக் காகிதத்தில் எடுத்தேன். "போன்லயே படிக்கலாமே மேடம், எதுக்குப் பேப்பர்?" என்றார் கடைக்காரர். போனை மடிக்க முடியாதே என்றேன். மடிக்கிற போனும் வந்துவிட்டது என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் வாய் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் கட்டுரையின் முதல் பத்தியைப் பின்பக்கமாக மடித்தேன். கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பத்தியை மடித்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அடுத்தது, அதற்கு முந்தையது என்று மடித்துக்கொண்டே போனேன். வெங்காயம் உரித்த கதையாகக் கடைசியில் கையில் காகிதம் மட்டும் மிஞ்சியது. இரண்டாவது கட்டுரைக்கும் அதே கதிதான்.

திவ்யாவுக்கு அனுப்ப என்னிடம் டெம்ப்ளேட் இல்லை. இந்த மடிக்கிற பழக்கம் ஒன்றுதான் இருக்கிறது. அதை எனக்குப் பழக்கியவரைப் பற்றியும், அந்தப் பழக்கம் ஒரு கட்டுரையிடம் தோற்றுப்போனதைப் பற்றியும் எழுதுகிறேன். அவளுக்கு வேண்டியது அதில் இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த காலத்தில், தற்காலிகமாக அந்த இதழில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். தற்காலிகம் என்று சொல்லிச் சேர்கிறவர்கள்தான் வழியனுப்பு விழா வரைக்கும் இருப்பார்கள். ராசிபலன், சமையல் குறிப்பு, சினிமாத் துணுக்கு என்று எல்லாப் பக்கங்களிலும் ஒற்றுப்பிழை பொறுக்கினேன். துலாம் ராசிக்குப் பணவரவு என்று போன வாரமும் போட்டிருக்கிறதே என்று ஒரு நாள் கேட்கப்போக, இந்தப் பெண் பொருளையும் சேர்த்துப் படிக்கிறாள் என்று பேச்சு எழுந்தது. அது நல்ல பெயரா கெட்ட பெயரா என்று எனக்கே தெரியாது. ஆனால் அதைக் கேட்டுத்தான் காதர் சார் என்னைக் கட்டுரைப் பகுதிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்துல் காதர் என்பது முழுப் பெயர். தாம்பரம் மார்க்கெட்டில் அவர்கள் குடும்பத்துக்குக் குடையும் டிரங்குப் பெட்டியும் விற்கிற கடை இருந்தது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடையில் உட்கார, இவர் மட்டும் காகிதத்தில் வந்து விழுந்துவிட்டார். "மழை பெய்ஞ்சா அவங்களுக்கு வியாபாரம், எனக்கு ரயில் லேட்டு" என்பார். மெலிந்த உடம்பு, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு "பாதகமில்லை". அந்தச் சொல்லை வாங்குவதற்கு நான் இரண்டு தீபாவளி மலர் பார்க்க வேண்டியிருந்தது.

அவருடைய வேலைமுறை இப்படி. தபாலில் வந்த கட்டுரையை எடுப்பார். தலைப்பைப் பார்க்க மாட்டார், எழுதியவர் பெயரையும் பார்க்க மாட்டார். முதல் பத்தி எங்கே முடிகிறதோ அங்கே காகிதத்தைப் பின்பக்கமாக மடித்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழு இழுப்பார். கடைசித் தாளை எடுத்துக் கடைசிப் பத்தியையும் அதே மாதிரி மடிப்பார். பிறகு மீதியை, பக்கத்து மேசைக்குக் கேட்காத அளவுக்கு வாய்விட்டுப் படிப்பார். மடித்தது தெரியாமல் கட்டுரை ஓடினால் மடித்த பகுதிகளை அடித்துவிடுவார். எங்கேயாவது தடுக்கினால் மட்டுமே விரித்துப் பார்ப்பார்.

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. "எழுதினவர் மெனக்கெட்டு எழுதியிருப்பார் சார். படிக்காமலே மடிச்சா எப்படி?" என்றேன்.

"முதல் பத்தியில எழுதுறவர் தொண்டையைச் செருமுறார் வசந்தாம்மா. கடைசிப் பத்தியில துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிறார். பேச்சு நடுவுலதானே இருக்கு?"

சோதித்துப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது அப்படித்தான் இருந்தது. மீன்குழம்பைப் பற்றி எழுதினாலும் மின்வெட்டைப் பற்றி எழுதினாலும், மனித வாழ்க்கை ஒரு நீண்ட பயணம் என்றுதான் எல்லாரும் வண்டியைக் கிளப்பினார்கள். ஆகவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு என்று வண்டியை நிறுத்தினார்கள். வங்கியில் வேலை பார்த்த ஒருவர் தன் பல்வலியைப் பற்றி அனுப்பிய கட்டுரையில் உடல்நலமே செல்வம் என்று ஒரு பத்தி. அதை மடித்ததும் கட்டுரை "கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல்" என்று தொடங்கியது. வெளியானதும் அவர் கோபமாக போன் செய்தார். அடுத்த வாரம் வாசகர் கடிதங்கள் வந்து குவிந்ததும், அந்தத் தொடக்கத்தைத் தானே யோசித்து வைத்ததாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டார். காதர் சாருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இருவருக்கும் தாம்பரம்தான் கடைசி ஸ்டேஷன். சாயங்கால ரயிலில் கிண்டி தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். கட்டுரை என்கிற வடிவம் எங்கேயிருந்து எப்படி வந்தது என்பதை எம்.ஏ. வகுப்பில் நான் மனப்பாடம் செய்திருந்தேன். புரிந்துகொண்டது பழவந்தாங்கலுக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில்தான்.

"நம்ம மொழியில உரைநடை முதல்ல சொந்தக் கால்ல நிக்கல. பாட்டு முன்னாடி போகும், உரை அதோட முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி வரும். செய்யுளுக்கு அர்த்தம் சொல்றதுதான் அதுக்கு வேலை. அப்புறம் அச்சு வந்தது. பிரசங்கம், துண்டுப் பிரசுரம், பத்திரிகைன்னு உரைநடை தனியா நடக்கப் பழகிடுச்சு. அப்பதான் வியாசம்னு பேர் வெச்சாங்க. கட்டுரைங்கிற பேர் அதுக்கு அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. சொல் என்னவோ பழைய சொல்தான். பழைய பாட்டுல அது வந்தா உறுதியாச் சொல்ற சொல்னு அர்த்தம்."

"அப்ப இந்த 'நான்' எப்ப சார் வந்தது?"

"அது ரொம்ப லேட்டு. பாட்டுல 'நான்' எப்பவும் இருந்தது. உரைநடையில வர்றதுக்கு அதுக்குக் கூச்சம். 'யாம்'னு வந்தது, 'நாம்'னு வந்தது, 'இக்கட்டுரையாளர்'னு முக்காடு போட்டுக்கிட்டு வந்தது. அந்தப் பக்கம் பிரான்சுல ஒரு மனுஷர் வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்து தன்னைப் பத்தியே எழுதிப் பார்த்தார். எழுதினதுக்கு 'முயற்சிகள்'னு பேர் வெச்சார். முயற்சின்னா தோத்தாலும் பரவாயில்லைன்னுதானே அர்த்தம்? நாம அதை விட்டுட்டோம். வெள்ளைக்காரங்க கொண்டுவந்த பரீட்சையை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். பரீட்சைக் கட்டுரையைப் படிக்கிறவர் சம்பளத்துக்குப் படிக்கிறார். எழுதுறவன் மார்க்குக்கு எழுதுறான். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பேச்சும் இல்ல."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு சூடு ஏறும். மற்றபடி பேச்சு வீட்டு விஷயம், பக்ரீத் பிரியாணி, என் பையனின் கணக்கு மார்க் என்று போய்விடும்.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் முறை எழுதுகிறவரின் கட்டுரையில் கை வைத்தால், வெட்டிய வடிவத்தை எழுதியவருக்குப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு விட மாட்டார். தொலைவில் இருப்பவர் என்றால் போனில். கிட்டே இருப்பவர் என்றால் நேரில். "அறுத்துத் தைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் கையெழுத்து வாங்குறாரா இல்லையா?" என்பார். இந்த வழக்கம் இல்லாமல் போயிருந்தால் நான் இப்போது சொல்லப்போகிற விஷயம் நடந்தே இருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கட்டுரை வந்தது. காதர் சாருக்கு ஓய்வு வயது தாண்டி, ஆலோசகர் என்று இருக்க வைத்திருந்தார்கள். எழுதியவள் பெயர் சாந்தி. பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. அந்த அலுவலக வரவேற்பறையில் கிடக்கும் எங்கள் இதழைப் படித்துவிட்டு, நாமும் எழுதலாம் போலிருக்கிறதே என்று எழுதி அனுப்பியிருந்தாள். நகரத்துக்குள் ஆற்றோரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தவர்கள். அங்கே வீடுகளை எடுத்துவிட்டு, குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். சந்து இருந்த இடத்தில் இப்போது கம்பி வேலி.

காதர் சார் வழக்கம்போல முன்னும் பின்னும் மடித்துவிட்டுப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். ஒரு பகுதி எனக்கு இன்னும் மனப்பாடம்:

"எங்க சந்துல கதவு கெடையாது, சாக்குதான். தூக்குனா உள்ள யாரு கீறாங்கன்னு தெரிஞ்சுடும். இங்க எல்லா வூட்டுக்கும் கதவு. தட்டுனா யாருன்னு கேக்குறாங்க. நான்தான்னு சொல்லுவேன். நான்தான்னா யாருன்னு திருப்பிக் கேக்குறாங்க. அதுக்கு இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அதற்கு அடுத்து, லிப்ட் இருந்தும் தான் ஏன் படியில் ஏறுகிறாள் என்று எழுதியிருந்தாள். லிப்டுக்குள்ளே எல்லாரும் நம்பரைப் பார்க்கிறார்கள், படியில்தான் யாராவது முகத்தைப் பார்க்கிறார்கள் என்று.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இத்தனை நாளா ரயில்ல உங்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்த அந்த 'நான்' இருக்கே, இந்தம்மா அதை ஒரு கதவைத் தட்டிச் சொல்லிட்டாங்க" என்றார். பாதகமில்லை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் மடிப்பை விரித்தோம். முதல் பத்தி முழுக்க வெறும் பெயர்கள். முதல் வீடு ரோஸ் ஆயா. இரண்டாவது கோழிக்கடை பாஷா பாய். மூன்றாவது நான். நாலாவது பேபி அக்கா. ஐந்தாவது ஆட்டோ கோபால். இப்படியே தெருக்குழாய் வரைக்கும் வீடு வீடாகப் போனது. கடைசிப் பத்தி இது:

"பேபி அக்கா, நீ சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் உம் புள்ளையோட கீறேன்னு கேள்விப்பட்டேன். உன் பழைய நம்பரு போவல. சந்த காலி பண்ணிட்டு இங்க வர்றதுக்கு யாரும் டோக்கன் வாங்கக் கூடாதுன்னு நீ சொன்ன. நான் முன்னாடி போய் வாங்கிட்டேன். அன்னிக்கு மூஞ்சிய திருப்பிகினு போனவ தான் நீ. வாங்கலன்னா புள்ளைங்கள எங்க படுக்க வெப்பேன்? எனக்கு இன்னமும் அதான் தோணுது. ஆனா நீ இல்லாம இந்தப் படி ஏற முடியல. கோவம் ஆறியிருந்தா வா." அதற்குக் கீழே பிளாக் எண், வீட்டு எண்.

"இது ரெண்டும் போயிடணும்" என்றார் காதர் சார்.

"கடைசிப் பத்தி இருக்கட்டுமே சார்."

"இருந்தா இது கட்டுரை இல்ல, கடிதம். மத்தவங்க கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கிற மாதிரி வாசகருக்குக் கூச்சமா இருக்கும். பேர் வரிசை அவங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரு. நமக்கு அதுல என்ன இருக்கு? நடுவுல இருக்கிறதுதான் எல்லாருக்கும் பொது. அதுதான் நிக்கும்."

அவர் சொன்னதில் பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடுப்பகுதி தனியாக அவ்வளவு அழகாக இருந்தது. கட்டுரை வளர்ந்த வரலாறே, ஒருவருக்குச் சொன்னது எல்லாருக்குமாக ஆன வரலாறுதான் என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஆனால் வழக்கப்படி எழுதியவளிடம் படித்துக் காட்டியாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகப் போய் இறங்கினோம். அடுக்கு அடுக்காக ஒரே மாதிரிக் கட்டடங்கள். பிளாக்கைக் கண்டுபிடிக்கவே நாலு பேரை விசாரிக்க வேண்டியிருந்தது. லிப்ட் இருந்தது. காதர் சார் படியில் ஏறினார். "வேணாம் சார், இந்த வயசுல" என்றேன். "கட்டுரையை வெட்ட வந்திருக்கேன், அது ஏறின படியையாவது நான் ஏற வேணாமா?" என்றார். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, மேல்மூச்சு வாங்க ஐந்தாவது மாடி வந்து சேர்ந்தார்.

கதவைத் தட்டினோம்.

"யாரு?"

காதர் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. பத்திரிகை ஆபீஸ் என்றேன். கதவு திறந்தது.

சாந்திக்கு நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போடப் போனவளை உட்கார வைத்தோம். காதர் சார் மடித்த தாளை எடுத்து, மடித்தபடியே, நடுப்பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டினார். அவர் அவ்வளவு நன்றாகப் படித்து நான் கேட்டதில்லை. அவள் தன் எழுத்தையே புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டாள். ஒரு இடத்தில் சிரித்தாள்.

முடித்ததும், "சோக்காத்தான் கீது சார். ஆனா இது யாருக்கு?" என்றாள்.

"படிக்கிறவங்க எல்லாருக்கும்மா."

"எல்லாருக்கும்னா யாரும் வர மாட்டாங்க சார்."

அவளே தொடர்ந்தாள்.

"நான் கட்டுரை எழுதணும்னு எழுதல. பேபி அக்காவுக்கு லெட்டர் போடலாம்னு பாத்தேன். அட்ரஸ் இல்ல. போன் போவல. உங்க புஸ்தகம் எல்லா ஊருக்கும் போவுதே, அதுல வந்தா எப்டியாவது அது கைக்குப் போயிடும்னு நெனச்சேன். சும்மா வா வான்னு எழுதுனா நீங்க போட மாட்டீங்க. அதான் நடுவுல மாடி, படி எல்லாம் எழுதுனேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் கட்டுரை என்று தூக்கிப் பிடித்ததை அவள் பொட்டலம் கட்டுகிற காகிதமாகத்தான் எழுதியிருக்கிறாள்.

"அந்தப் பேருங்க எதுக்கும்மா?" என்று கேட்டார் காதர் சார்.

"பேபி அக்கா படிக்காது சார். எழுதப் படிக்கத் தெரியாது. யாராச்சும் அதுக்குப் படிச்சுக் காட்டணும். பாஷா பாய் பேரு வந்தா பாஷா பாய் புள்ள படிப்பான். கோபாலு பேரு வந்தா கோபாலு பொண்டாட்டி படிக்கும். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர்கிட்ட போவும். அத்த எடுத்துட்டீங்கன்னா அது எப்டி சார் போவும்?"

டீ வந்தது. குடித்தோம். கிளம்பும்போது காதர் சார், "வீட்டு நம்பர் வேணாம்மா, கண்டவங்களும் வருவாங்க. பிளாக் நம்பர் மட்டும் போடுறேன்" என்றார். முழுக்கப் போடுகிறேன் என்று அவர் சொன்னது அப்படித்தான். அவளுக்கு அது புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடித்த தாள்களைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் நீவி நீவி விரித்தார். அழுத்தி மடித்த காகிதம் அவ்வளவு சுலபமாக நேராகுமா? மேடவாக்கம் வருகிற வரைக்கும் நீவிக்கொண்டிருந்தார்.

"நான் உங்கிட்டப் பாதி வரலாறுதான் சொல்லியிருக்கேன் வசந்தாம்மா" என்றார் அப்புறம். "பாட்டுக்கு உரை எழுதினவங்க நடுநடுவுல 'அஃது என்னை?', அதாவது அது எப்படின்னு ஒரு கேள்வி கேப்பாங்க, பார்த்திருக்கியா? ஏன்னா எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்குற மாதிரி வெச்சுக்கிட்டுத்தான் எழுதினாங்க. பிரசங்கத்துக்கும் எதிர்ல ஆள் இருந்தாங்க. மேடையில பேசினவங்களுக்கும் இருந்தாங்க. எதிர்ல ஒருத்தரும் இல்லாம எழுதினது பரீட்சைக் கட்டுரை மட்டும்தான். நான் அதோட தலையையும் காலையும் மடிச்சு மடிச்சு, எல்லாத்தையும் அதுன்னே நினைச்சுட்டேன்."

அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம். புது ஊரில் பாதை தெரிந்துகொண்டவர் மாதிரி சந்தோஷமாகவே இருந்தார்.

பெயர்ப் பத்தி இடத்தை அடைத்துக்கொண்டதால் அந்த வாரம் கட்டுரைக்குப் படம் கிடையாது. ஓவியர் முறைத்தார். கட்டுரை முழுசாக வந்தது, சாந்தியின் பேச்சிலேயே. அதற்குப் பிறகும் காதர் சார் கட்டுரைகளை மடிப்பதை நிறுத்தவில்லை. மடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை விரித்துப் படித்து, "இது யாருக்கு?" என்று கேட்டுக்கொள்வார். பல கட்டுரைகளுக்குப் பதில் வராது. அவை மடிந்தன.

சாந்தி கணக்குப் போட்டபடியே காரியம் நடந்தது என்று பிறகு தெரிந்தது. பாஷா பாய் மகன் பக்கத்தைப் போட்டோ எடுத்து, பழைய சந்துக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். நம்ப பேரு வந்துகீது என்று அது கை மாறிக் கை மாறி ஓடியிருக்கிறது.

கட்டுரை வந்து இரண்டாம் வாரம் ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல், எடுத்த எடுப்பிலேயே சண்டைச் சுருதி.

"மாடிப்படி கட்டுரை போட்டது நீங்களா?"

"ஆமாம்மா. நீங்க யாரு?"

"பேபி. என் மருமவ படிச்சுக் காட்டுச்சு. அதுல தப்பு கீது."

ஊரறிய ஒரு பெண்ணின் சண்டையை அச்சில் ஏற்றியிருக்கிறோம். வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் என் மனசு ஓடியது. காதர் சாரை ஜாடை காட்டி அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சொல்லுங்கம்மா, எது தப்பு?"

"என் வூட்ட நாலாவதுன்னு போட்டுகீறீங்க. அது மூணாவது. நாலாவது சாந்தி வூடு. நான் கல்யாணம் ஆயி அங்க வந்தப்ப அது பொறக்கவே இல்ல. எனக்கு அடுத்துதான் அவ."

காதர் சார் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அந்த டோக்கன் சண்டை? அதை எழுதினதுல உங்களுக்கு ஏதாவது..."

"சண்டை போட்டது நெஜம்தானே சார். அதுல இன்னா தப்பு?" பிறகு குரல் இறங்கியது. "சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து அந்த பிளாக்குக்கு எப்டி சார் போறது?"

ரயிலில் தாம்பரம் வந்து, கிழக்குப் பக்கம் இறங்கி, மேடவாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸைக் கேட்டு ஏறச் சொன்னேன். வீட்டு எண்ணையும் சொன்னேன். மருமகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போயும் சேர்ந்தார். மறுநாள் சாந்தி எங்களுக்கு போன் செய்து, "அக்கா படியேறி வந்துச்சு சார், யாருன்னு கேட்டேன், நான்தான்டின்னுச்சு" என்றாள். வீட்டு வரிசையைப் பற்றிக் கேட்டதற்கு, "என் வூட்ட முன்னாடி வெச்சு எண்ணிட்டேன் போல சார். அக்கா சொல்றதுதான் சரி" என்றாள்.

எங்கள் இதழில் செய்திக்கும் கணக்குக்கும் திருத்தம் போடுவார்கள். கட்டுரைக்குப் போட்ட வழக்கமில்லை. கட்டுரை என்பது அவரவர் பார்வை, அதில் திருத்த என்ன இருக்கிறது என்று சொன்னவரே காதர் சார்தான். அன்றைக்கு அவரே காகிதத்தை எடுத்து எழுதி, ஒரு மடிப்பும் இல்லாமல் என்னிடம் நீட்டினார். அடுத்த இதழில், வாசகர் கடிதங்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில் அது வந்தது:

"திருத்தம்: சாந்தி எழுதிய கட்டுரையில் பேபி அவர்களின் வீடு நான்காவது என்று வெளியாகியிருந்தது. அது மூன்றாவது வீடு. அதற்கு அடுத்த வீடு சாந்தியுடையது."